பூனைக்குப் பல் தீட்டும் சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனையின் பல்லுக்கென்று விற்கிற சாமான்களில் மனமறிந்து காசு கொடுக்க வேண்டியது பற்பசைக்கு மட்டும்தான். பிரஷ்ஷை நம்முடைய ஊர்ப் பாமசியிலேயே வாங்கலாம். விரலில் மாட்டும் சிலிக்கன் உறை வேண்டாம். தண்ணீரில் கலக்கும் மருந்தும் எங்கள் வீட்டுக்குச் சரிவரவில்லை. பல்லுக்கான தின்பண்டம் நல்லதுதான், ஆனால் அதைக் கொடுத்துவிட்டுத் தீட்டாமல் விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

நான் பாடசாலைப் பல் சிகிச்சையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மஹரகமையில் பயிற்சி முடித்தபின் என்னுடைய உத்தியோக காலம் பெரும்பாலும் திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைகளின் வாய்க்குள்ளேதான் போனது. பிரஷ்ஷைப் பார்த்தால் அதன் நார் எவ்வளவு மென்மை, தலை எவ்வளவு பெரிது, முரசுக்கு ஒத்துவருமா என்று கை தானாகவே சோதிக்கும். அந்தக் கையோடுதான் இந்தச் சாமான்களையும் சோதித்தேன். வீட்டில் இரண்டு பூனைகள். கறுப்பிக்கு வயது எட்டு இருக்கும். நெத்தலி இளையவன், பெயருக்கு ஏற்ற உடம்பு. இரண்டும் கீரி மீனும் சூடையும் தின்று வளர்ந்தவை.

கறுப்பியின் வாய் நாறத் தொடங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மீன் தின்கிற பூனையின் வாய் மீன் மாதிரித்தான் மணக்கும் என்று பலர் சொல்வார்கள். மீன் மணம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அழுகல் நாற்றம் நாள் முழுக்க நிற்குமென்றால் அது சாப்பாட்டின் மணம் இல்லை, முரசில் நோய். அவள் மீன் துண்டை ஒரு பக்கத்தால் மட்டும் மென்றாள், இடையில் கீழே போட்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் மேல் கடைவாய்ப் பல்லில் இறுகிப் படிந்த மண்ணிறக் காரை, அதற்கு மேலே முரசில் சிவப்புக் கோடு. இங்குள்ள மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று கூடையில் அவளை வைத்துக்கொண்டு பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போனோம். காரையை எடுத்தார்கள், ஒரு பல்லையும் பிடுங்கினார்கள். அந்தப் பல்லின் அடி முரசுக்குள்ளேயே கரைந்துபோயிருந்தது. நம் பிள்ளைகளுக்கு வருகிற சூத்தை பூனைகளிடம் காண்பதற்கில்லை. அவற்றுக்கு வருவது இந்தப் பல் கரைதல். வளர்ந்த பூனைகளிடம் இது மிகச் சாதாரணம். ஏன் வருகிறது என்பது மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, தீட்டுவதால் இதைத் தடுத்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் முரசு நோயைத் தடுக்கலாம். தினமும் வாய்க்குள் பார்க்கிறவருக்கு மற்றதும் நேரத்தோடு கண்ணில் படும்.

அந்த நீண்ட பஸ் பயணத்தில் அவள் கத்திய கத்தலைக் கேட்டவள் என்பதால்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன். கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்களுக்கு வைத்தியசாலை பக்கத்தில். நமக்கு அப்படி இல்லை. வீட்டில் செய்யக்கூடியதை வீட்டில் வடிவாகச் செய்துவிட வேண்டும்.

சரி, பற்பசைக்கு வருவோம். நான் பாவிப்பது விர்பாக் நிறுவனத்தின் சி.ஈ.டி. பற்பசை, கோழிச் சுவை. பிரெஞ்சு நிறுவனம், 1968 இல் தொடங்கியது, மிருகங்களுக்கான பொருட்கள் மட்டுமே செய்கிறது. 70 கிராம் டியூப். கனடாவில் இருக்கும் தங்கச்சி ஊருக்கு வரும்போது கொண்டுவந்தாள். அதன் பிறகு வருகிறவர்கள் எவரிடமும் சொக்லட் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறேன். திறந்தால் பழுப்பு நிறப் பசை, கோழிச் சூப்புக் கட்டியின் மணம். நுரைக்காது. கொப்பளிக்கத் தேவையில்லை, விழுங்கினாலும் பாதகமில்லாதபடிதான் செய்திருக்கிறார்கள். பூனைக்குத் துப்பத் தெரியாதே, அதனால் இதுதான் முதல் தகுதி. உள்ளே நொதியங்கள் இருக்கின்றன. உமிழ்நீரில் இயல்பாகவே கிருமிக்கு எதிராக நடக்கும் வேலையை அவை கூட்டிக் கொடுக்கும்.

ஆனாலும் என்னுடைய மதிப்பில் இந்தப் பசையின் பெரிய பலன் நொதியம் இல்லை, சுவைதான். பல்லில் படியும் கிருமிப் படலத்தை அகற்றுவது நாரின் உரசல். மனிதப் பல்லிலும் அப்படித்தான், பசை இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் ஒழுங்காகத் தீட்டினாலும் படலம் போகும். பூனையின் விஷயத்தில் பசை செய்வது வேறு வேலை. அடுத்த நாளும் அது நம்மிடம் வரும்படி செய்கிறது. நெத்தலி டியூப்பின் மூடி திறக்கும் சத்தத்துக்கே குசினியிலிருந்து ஓடி வருகிறான். கறுப்பி ஓடி வரமாட்டாள், ஆனால் இருந்த இடத்தை விட்டு எழும்பவும் மாட்டாள். அவளுடைய குணத்துக்கு அதுவே சம்மதம். ஒரு முறைக்குப் பயறு அளவு போதும் என்பதால் இரண்டு பூனைக்கும் ஒரு டியூப் நீண்ட நாள் வருகிறது. நம்முடைய வெயிலில் ஜன்னலோரம் வைக்காமல், இருட்டான அலமாரியில் மூடியை இறுக்கி வைக்கிறேன்.

நாங்கள் தீட்டுகிற பசையையே கொஞ்சம் தடவினால் என்ன என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம்முடைய பசையில் ஃபுளோரைட்டும் நுரைக்கும் பொருளும் இருக்கும், துப்பிவிடுவோம் என்ற கணக்கில் செய்தது அது. பூனை எல்லாவற்றையும் விழுங்கும். அதைவிட, இங்கே கடைகளில் கராம்பு சேர்ந்த பற்பசை நிறைய. கராம்புத் தைலம் நம் பல்வலிக்குப் பாட்டி காலத்து மருந்து, பூனைக்கு நஞ்சு. அந்த வகைப் பொருட்களைக் கழித்து வெளியே அனுப்பும் ஒரு வழி நம் ஈரலில் நன்றாக வேலை செய்கிறது, பூனையின் ஈரலில் அது மிகவும் பலவீனம். நாம் பனடோல் என்று சொல்கிற பரசிட்டமோல் பூனையைக் கொல்வதும் இந்தக் காரணத்தால்தான். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று போதும், ஒரு வளர்ந்த பூனையின் உயிரை எடுக்க. பூனைக்குப் பல்வலி, பாதிக் குளிசை கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். தவறுதலாகத் தின்றுவிட்டால் அடையாளம் தெரியும்வரை காத்திருக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். உப்பு, கரி, அப்பச்சோடா என்று வீட்டிலிருக்கும் எதையும் பூனையின் வாய்க்குள் தேய்க்க வேண்டாம். பூனைப் பசை கிடைக்கவில்லையா? சூரை மீன் அவித்த தண்ணீரில் உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் சேர்க்காமல் எடுத்து, பிரஷ்ஷை அதில் தோய்த்துத் தீட்டுங்கள். நொதியம் இருக்காது, உரசல் இருக்கும்.

இனி பிரஷ். இணையக் கடையொன்றில் 1,800 ரூபாவுக்கு ஒரு செட் வாங்கினேன். கடையின் பெயரையும் தயாரிப்பின் பெயரையும் விடுகிறேன், இதே உருவத்தில் பல பெயர்களில் விற்கிறார்கள். அதில் விரலில் மாட்டும் சிலிக்கன் உறை ஒன்றும், இரண்டு பக்கமும் தலை வைத்த நீளப் பிரஷ் ஒன்றும் இருந்தன. சிலிக்கன் உறையைத்தான் முதலில் குறை சொல்ல வேண்டும். விரலே பூனையின் கடைவாய்க்குப் பெரிது, அதன் மேல் உறையும் மாட்டினால் உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் எப்படி நுழைவது? உறையில் இருக்கும் முளைகள் தடித்து மழுங்கி இருக்கின்றன, பல்லின் வயிற்றைத் தடவுமே தவிர முரசோரத்துக்குப் போகாது. படலம் தங்குவதும் நோய் தொடங்குவதும் அந்த ஓரத்தில்தான். அத்தோடு விரல் பற்களுக்கு நடுவே இருக்கிறது. பூனைக் கடி சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் ஆழமானது, கெதியில் சீழ் பிடிக்கும். விசர்நாய்த் தடுப்பூசி போட்ட பூனையாக இருந்தாலும், கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இருதலைப் பிரஷ்ஷின் பெரிய தலை நாய்க்கு அளவானது. சின்னத் தலை பரவாயில்லை, ஆனால் நார் விறைப்பு. புறங்கையில் தேய்த்துப் பாருங்கள், குத்தினால் முரசையும் குத்தும். வாங்கு வாங்கென்று தூண்டும் படத்தில் பூனை சிரிக்கிறது. உண்மையான பூனை வாயைத் திருப்பிக்கொள்ளும்.

பிறகு பிரதான வீதியில் ஒரு பாமசியில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ் வாங்கினேன், 250 ரூபாவுக்குள். தலை சின்னது, நார் பட்டுப்போல. கறுப்பிக்கு முரசு ஆறி வந்த காலத்தில் இதுதான் தோதாக இருந்தது. தலை இன்னும் கொஞ்சம் ஒடுங்கியிருந்தால் நல்லது என்பது மட்டும்தான் குறை. இதைவிடச் சிறந்ததாக நான் கண்டது, பல் கிளினிக்குகளில் பாவிக்கும் ஒற்றைக் கொத்துப் பிரஷ். பென்சில் முனை அளவில் ஒரே ஒரு கொத்து நார். பிள்ளைகளுக்குக் கம்பி போட்ட பற்களின் இடுக்கைச் சுத்தம் செய்யக் கொடுப்போமே, அதுதான். பூனையின் கடைவாய்ப் பல்லுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது. உதட்டைப் பெரிதாகத் தூக்கவே வேண்டாம், வாயின் ஓரத்தால் நுழைத்து ஒவ்வொரு பல்லாக ஓரத்தைச் சுற்றலாம். பல் வைத்தியரிடம் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்லுவார். மென்மையானதாகக் கேட்டு வாங்குங்கள். நெத்தலிக்கும் கறுப்பிக்கும் இப்போது இதுதான்.

எப்படித் தீட்டுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் எந்தச் சாமானை வாங்கினாலும் காசு வீண். வளர்ந்த பூனைக்கு 30 பல், மேலே 16, கீழே 14. எல்லாவற்றையும் எல்லாப் பக்கமும் தீட்ட வேண்டியதில்லை. உள்பக்கத்தைச் சொரசொரத்த நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது வெளிப்பக்கம், அதிலும் மேல் கடைவாய்தான் முக்கியம். காரை முதலில் படிவது அங்கேதான். வாயைத் திறக்கவே வேண்டாம். பூனை நமக்கு முதுகு காட்டி மடியிலோ மேசையிலோ இருக்கட்டும். ஒரு கையால் தலையை மெதுவாகத் தாங்கி, கட்டை விரலால் வாயோரத்து உதட்டைச் சற்று உயர்த்தி, நாரை முரசுப் பக்கம் சரித்து, சின்னச் சின்ன வட்டமாக. பக்கத்துக்கு அரை நிமிடம் தாராளம். வேட்டைப்பல், பிறகு கடைவாய், பிறகு மற்றப் பக்கம். வெட்டும்பற்களைக் கடைசியில் தொடுங்கள், மூக்குக்குக் கீழே தொடுவது பூனைக்கு அறவே பிடிக்காது.

முதல் நாளே பிரஷ்ஷோடு போகக் கூடாது. பல நாட்கள் பசையை விரலில் வைத்து நக்க விடுங்கள். அது பழகியதும் நக்கும்போதே உதட்டைத் தொடுங்கள். அதற்கும் பழகியபின் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி வேட்டைப்பல்லை ஒருமுறை துடைத்துவிட்டு, அன்றைக்கு அவ்வளவுதான் என்று விடுங்கள். பிரஷ் வருவது அதற்கெல்லாம் பிறகு. கழுத்துத் தோலைப் பிடித்து அமுக்கித் தீட்டுவதைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. கிளினிக்குக்கு முதல்நாள் வந்து அழுத பிள்ளையைக் கதிரையில் ஏற்றாமல், கண்ணாடியைக் கையில் கொடுத்து விளையாட விட்டு அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பிள்ளை தானாகவே வாயைத் திறக்கும். பூனையும் அப்படியே நம்பிக்கை வந்தால்தான் இடம் கொடுக்கும், நாள் கூடினாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முந்தித் தீட்டுகிறோம், முடிந்ததும் மீன். பசி நேரத்தில் இருவரும் பக்கத்திலேயே நிற்பார்கள், தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. தினமும் தீட்டுவதுதான் நல்லது. படலம் சில மணி நேரத்திலேயே திரும்பப் படியத் தொடங்கும், உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் சேர்ந்து சில நாட்களில் அது காரையாக இறுகிவிடும். இறுகியபின் பிரஷ்ஷால் ஒன்றும் ஆகாது. வாரத்தில் மூன்று நாளுக்குக் குறைந்தால் பெரிய பலன் கிடைக்காது. நகத்தாலோ கூரான எதனாலுமோ காரையைச் சுரண்ட நினைக்காதீர்கள். பல்லின் மேற்பரப்பு கீறுப்பட்டால் படலம் இன்னும் இலகுவாக ஒட்டும், முரசுக்குக் கீழே இருப்பதோ அப்படியே இருக்கும்.

தின்பண்டத்தில் கிரீனீஸின் பூனைப் பல் தின்பண்டத்தை வாங்கிப் பார்த்தேன். அதன் பொதியில் வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறது. அது மிருகங்களின் வாய்ச் சுகாதாரத்துக்கான ஒரு சபை, 1997 இல் அமெரிக்காவில் தொடங்கியது. சபை தானாகச் சோதனை செய்வதில்லை, தயாரிப்பாளர் ஒப்படைக்கிற ஆய்வு முடிவுகளைச் சரிபார்த்து, படலத்தையோ காரையையோ உண்மையில் குறைக்கிறது என்றால் முத்திரை கொடுக்கும். பொதியில் 'பல்லுக்கு நல்லது' என்று எவரும் அச்சடிக்கலாம், ஆகவே வாங்கும்போது இந்த முத்திரையைத் தேடுங்கள். ஒரு துண்டில் ஒன்றரைக் கலோரிகூட இல்லை. நெத்தலி நறுக் நறுக்கென்று கடித்துத் தின்கிறான், கறுப்பி முழுசாக விழுங்குகிறாள். விழுங்குகிற பூனைக்குப் பல்லில் உரசல் எங்கே? அதனால் அவளுக்கு இது வெறும் விருந்து. சாதாரண உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அது பல் பட்டதும் உடைந்து தூளாகிவிடும். பல்லுக்கென்று தனியாகச் செய்யும் உலர் உணவு வேறு, பல் உள்ளே இறங்கும்வரை உடையாதபடி பெரிய துண்டாக, நார் அமைப்போடு செய்வார்கள். மீன் முள்ளும் பல்லைத் தேய்க்காது. அவித்த முள் அண்ணத்தில் குறுக்காகச் சிக்கும். எங்கள் வீட்டில் முள் எடுத்துத்தான் கொடுப்பது.

தண்ணீரில் கலக்கும் திரவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பூனையும் அந்தக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போயின. பங்குனி தொடங்கி ஆவணி வரை இங்கே அடிக்கிற வெயிலில் பூனை தண்ணீர் குறைவாகக் குடிப்பது சிறுநீருக்குத்தான் கேடு. போத்தலை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதையும் வாங்குவதற்கு முன் பூனையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசு இளஞ்சிவப்பாக, பல் வெள்ளையாக இருந்தால் இன்றைக்கே பசையை நக்கக் கொடுத்துப் பழக்கலாம். முரசு இரத்தச் சிவப்பாகவோ, பல் ஆடுவதாகவோ, எச்சில் வடிவதாகவோ இருந்தால் பிரஷ் வாங்கும் நேரம் அது இல்லை. வலிக்கிற வாயில் தீட்டினால் பூனை அந்தப் பிரஷ்ஷை வாழ்நாள் முழுக்க வெறுக்கும். முதலில் மிருக வைத்தியரிடம் காட்டி, அவர் சரி என்றபின் தொடங்குங்கள். தொண்டைப் பக்கம்வரை முழு வாயும் புண்ணாகிற ஒரு நோயும் பூனைகளுக்கு உண்டு, அதற்கு வீட்டு வைத்தியம் எதுவுமே இல்லை. குட்டியாக இருக்கும்போதே பழக்குவது எல்லாவற்றிலும் சுகம். பாற்பற்கள் 26, ஆறு மாதமளவில் அவை விழுந்து நிரந்தரப் பற்கள் வந்துவிடும். பல் மாறும் வாரங்களில் முரசு நோகும் என்பதால் அப்போது பிரஷ் வேண்டாம், உதட்டைத் தொட்டுப் பழக்கினால் போதும்.

ஒவ்வொரு பூனைக்கும் தனிப் பிரஷ் வையுங்கள். ஒன்றின் முரசு நோயை மற்றதின் வாயில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. கறுப்பியின் பிரஷ்ஷில் கறுப்பு நூல் கட்டியிருக்கிறேன், நெத்தலியினதில் வெள்ளை. தீட்டியதும் வெறும் தண்ணீரில் அலசி, நார் மேலே இருக்கும்படி நிறுத்திக் காயவிடுகிறேன். நார் விரியத் தொடங்கினால் மாற்றிவிடுகிறேன். பசை முடிவதற்கு முன்னரே அடுத்த டியூப்புக்குச் சொல்லி வையுங்கள், கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதானாலும் வெளிநாட்டிலிருந்து யாரும் கொண்டுவருவதானாலும் நாள் எடுக்கும். இடையில் சில வாரம் விட்டுப்போனால் பழக்கத்தை மறுபடி விரலால் நக்கக் கொடுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.